கோட்டைக்காரரும் ஆற்றுக்காரியும் ஸ்டெல்லாவும்

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. எனக்கு அழைப்பு எடுப்பவர்கள் குறைவு. வாய் திக்குகிற மனிதனோடு தொலைபேசியில் பேசுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். வத்தளையிலிருந்து ஷர்மிளா பேசினாள். ஸ்டெல்லாவின் தம்பி மகள்.

"அங்கிள், ஸ்டெல்லா அன்ரி விடியப்பறம் போயிட்டா. நித்திரையிலயே."

"ஸ்..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. ஷர்மிளா காத்திருந்தாள். அந்தக் குடும்பத்துக்கே காத்திருக்கத் தெரியும். பிறகு அவளே சொன்னாள்: "உங்கட பேர் எழுதின பார்சல் ஒண்டு அன்ரிட அலுமாரியில இருக்கு. வந்தா தாறன்." முருங்கைக்காய்க்காரர், "ஐயா, எடுக்கிறீங்களா இல்லையா?" என்று கேட்டார். எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அது வாடிப்போகும்வரை வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை.

நம் வாசகர் வட்டத்தின் மாத இதழுக்கு ஸ்டெல்லா சவரிமுத்துவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். அவருடைய நற்குணங்களை எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் உண்டு. ஆனால் அவரோடு முப்பது வருடத்துக்கு மேல் ஒரே விஷயத்தில் சண்டை பிடித்தவன் நான் ஒருவன்தான். அதோடு, உங்கள் எல்லோருக்கும் முன்னால் நான் சொன்ன ஒன்றைத் திரும்பப் பெறவேண்டியும் இருக்கிறது. ஆகவே நானே எழுதுகிறேன்.

கொழும்புக் கோட்டைப் பகுதியிலிருந்த ஒரு கப்பல் முகவர் கந்தோரில் நாங்கள் இருவரும் எழுதுவினைஞர்கள். அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவார், நான் வெள்ளவத்தையிலிருந்து. நான் சேர்ந்த முதல் மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மடியில் பள்ளிக்கூடக் கொப்பிபோல மண்ணிறத் தாள் சுற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. என் மடியிலும் அதேமாதிரி ஒன்று. வளர்ந்த ஆட்கள் மந்திரவாதிக் கதை வாசிப்பது மேலதிகாரிக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று இரண்டு பேருமே உறை போட்டிருந்தோம். அவர் எட்டி என் பக்கத்தைப் பார்த்தார். "ஓ, நீர் அந்தக் கட்சியா?" என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

இரண்டு ஆங்கில எழுத்தாளர்கள். இருவரும் அந்தக் காலத்தில் உலகமெல்லாம் விற்ற மாயக்கதைக்காரர்கள். நாங்கள் வைத்த பட்டப் பெயர்களே போதும்: என்னுடையவர் கோட்டைக்காரர், அவருடையவர் ஆற்றுக்காரி. உண்மைப் பெயரைச் சொன்னால் இதை வாசிக்கிறவர்கள் இங்கேயே கட்சி பிரிந்துவிடுவீர்கள்.

கோட்டைக்காரர் ஏழு தடித்த புத்தகங்களில் ஒரே போரை நடத்தினார். முன்பக்கத்தில் வரைபடம். ஒவ்வொரு போர்வீரனுக்கும் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், வாளுக்கு ஒரு பெயர். ஆற்றுக்காரி மெலிந்த புத்தகங்கள் எழுதினாள். ஓர் ஆறு, அதில் படகோட்டுகிற பெண்கள், கொஞ்சம் மந்திரம். அந்த மந்திரத்தைச் செய்தவளுக்கு மறுநாள் கை வீங்கும், சமைக்க முடியாது. எனக்கு அது பிச்சைக்கார மந்திரமாகப் பட்டது. பெயரை விட்டு என்னை "ஐசே" என்றே கூப்பிடும் ஸ்டெல்லா சொல்வார்: "உம்முடைய ஆள் கோட்டை கட்டுறார், கட்டுறார், கட்டிக்கொண்டே இருக்கிறார். ஐசே, அந்தக் கோட்டைக்குள்ள ஆராவது ஒருநாள் சோறு சமைச்சவையா?"

"உங்கட ஆள் ஒரு ஆத்தைக் கடக்கிறதுக்கு ஒரு முழுப் புத்தகம் எடுக்கிறா," என்று நான் திருப்பிக் கொடுப்பேன்.

இதைச் சொல்லும்போது நான் திக்குவதில்லை. அதை முதலில் கண்டுபிடித்தவர் ஸ்டெல்லாதான். வீட்டில், கந்தோரில், பஸ் கொண்டக்டரிடம் சில்லறை கேட்கும்போதுகூட என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோபம் வந்து சண்டை பிடிக்கும்போது மட்டும் தண்ணீர்போல ஓடும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தினமும் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதே எதையாவது சொல்லிக் கிளறிவிடுவார்.

புத்தகங்களை மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்குவோம். ஒருவர் வாங்கினால் மற்றவருக்கும் வாசிக்க வரும். வாசித்து முடித்தவர் கடைசி வெற்றுத் தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதி, பெயரின் முதலெழுத்துப் போடவேண்டும் என்பது எங்கள் விதி. என் வரிகள் நீளம். கோட்டைக்காரரின் புத்தகங்களில் ஸ்டெல்லா பெரும்பாலும் ஒரே சொல்தான் எழுதுவார்: "நீளம். - ஸ்." மூன்றாம் புத்தகத்தில் மட்டும், "குதிரைகள் பாவம். - ஸ்."

அந்த வரைபடம் ஒருநாள் என்னை மாட்டிவிட்டது. சோதனைச் சாவடிகள் நிறைந்திருந்த காலம். வேலை முடிந்து இருவரும் பஸ்ஸுக்கு நடந்தபோது என் பையைத் திறந்த இராணுவப் பையன், மண்ணிற உறை போட்ட புத்தகத்தைப் புரட்டினான். மலைக் கணவாய்கள், முகாம்கள், படைகள் போகும் வழிக்கு அம்புக்குறிகள். நான் வேறு, பயணப் பாதையைச் சிவப்புப் பேனாவால் தொடர்ந்து கீறியிருந்தேன். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம். "மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான். என் வாய் திறந்தபடியே நின்றது. பதில் வராத ஒவ்வொரு விநாடிக்கும் அவன் முகம் மாறியது.

ஸ்டெல்லா முன்னால் வந்து, கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில், "மே பொரு ரட்டக் மல்லி," என்றார். தம்பி, இது பொய்யான நாடு. பிறகு நடுத்தெருவில் நின்று அதுவரை நாங்கள் வாசித்திருந்த கோட்டைக்காரரின் ஆறு புத்தகக் கதையையும் ஐந்து நிமிடத்தில் சொன்னார். அவ்வளவு அழகாகக் கோட்டைக்காரரே சொன்னதில்லை. பையன் கேட்டுவிட்டு, "கவுத தினன்னே?" என்றான். யார் வெல்வது? "இன்னும் முடியேல்ல," என்று ஸ்டெல்லா சிங்களத்தில் சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பஸ் தரிப்பிடத்துக்கு வந்துதான், "பாத்தீரா? என்ர ஆளுக்கு வரைபடம் தேவையில்லை. நல்ல எழுத்தாளர் வாசிக்கிறவனைப் பொலிசில மாட்டிவிடமாட்டார்," என்றார். பஸ் வரும்வரை கோட்டைக்காரருக்காக வாதாடினேன். வீட்டுக்குப் போனபோது பயம் போயிருந்தது.

இனி, சண்டையின் மையத்துக்கு வருகிறேன். கோட்டைக்காரரின் ஏழாவது புத்தகமும், ஆற்றுக்காரியின் மிகப் பேர்பெற்ற புத்தகமும் ஒரே நாளில் மருதானையில் கிடைத்தன. இரண்டுக்கும் மட்டை இல்லை. தாள்கள் கழன்று தொங்கின. ஸ்டெல்லா இரண்டையும் ஒரே பையில் போட்டு ஜம்பட்டா வீதிப் பக்கம் இருந்த ஒரு பைண்டரிடம் கொடுத்தார். கோயில் பதிவேடுகளையும் பள்ளிக்கூடக் கொப்பிகளையும் கட்டுகிற நல்ல கைக்காரர். ஆங்கிலம் மட்டும் தெரியாது. இரண்டு வாரத்தில் தடித்த மட்டை போட்டு, ஓரங்களை வெட்டிச் சீராக்கித் தந்தார். பக்க எண்களும் அந்த வெட்டில் போய்விட்டன. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தடித்தது எனக்கு, மெலிந்தது அவருக்கு.

ஏழாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நான் பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன். "பல ஆண்டுகளுக்குப் பின்" என்று தலைப்பு. ஒரு கிழவி வெயிலில் நடந்து வந்து ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்கிறாள். வீட்டுக்காரனுக்கு அவளைத் தெரியவில்லை. குடத்திலிருந்து வார்த்துக் கொடுக்கிறான். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. அவள் குடிக்கிறாள், பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிறாள், போகிறாள். யாருக்கும் பெயர் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது: அவள்தான் கோட்டையை இழந்த அரசி. அவன் அதற்கு நெருப்பு வைத்த போர்வீரன். ஏழு புத்தகப் போர் ஒரு பாத்திரம் தண்ணீரில் முடிகிறது! நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டித் தெகிவளையில் இறங்கினேன். கடைசித் தாளில், "இதற்கு மேல் ஒருவரால் எழுத முடியாது. - க." என்று எழுதினேன்.

ஸ்டெல்லா அதை இரண்டு தரம் வாசித்தார். கையில் பென்சில் இருந்தும் ஒன்றும் எழுதவில்லை.

"ஐசே, இது அந்த மனுசன்ர கை மாதிரித் தெரியேல்லையே."

"தோத்துப்போனா இப்பிடித்தான் சொல்லுவீங்கள்."

"இல்லை, பாரும். தண்ணி குளிராயிருக்கு எண்டு எழுதியிருக்கு. ஏழு புத்தகத்தில அவர்ர ஆக்கள் ஒருக்காத் தன்னும் தண்ணி குடிச்சவையா?"

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சாப்பிடவில்லை. பிறகு நானே போய் எதிரில் உட்கார்ந்தேன், வேறு யாரோடு கதைப்பது?

அவருடைய கட்சிக்கும் அதே நாளில் ஓர் ஆயுதம் கிடைத்திருந்தது. ஆற்றுக்காரியின் புத்தகம் நடு ஆற்றில் நின்றது. இருட்டு, வெள்ளம், படகில் ஒரு குழந்தை, துடுப்புப் போடுகிற பெண். அதோடு முடிந்தது. கரை வந்ததா இல்லையா என்று இல்லை. "பாரும் அந்தத் துணிவை. எங்க நிப்பாட்டவேணும் எண்டு தெரிஞ்சவள்தான் எழுத்தாளர்," என்பார் ஸ்டெல்லா. பல வருடங்கள் எங்கள் சண்டை இப்படியே போனது. நான் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டுவேன், அவர் நடு ஆற்றைக் காட்டுவார்.

அடுத்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கே இருந்தீர்கள். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, நம் வட்டம் "இருவரில் யார் சிறந்த எழுத்தாளர்?" என்று ஒரு ஞாயிறு விவாதம் வைத்தது. வெள்ளவத்தையில் அந்தச் சின்ன மண்டபம், நாற்பது பேர், சுழலாத மின்விசிறி. என் வாழ்க்கையில் நான் மேடையில் ஏறியது அந்த ஒருநாள்தான். மனைவி வேண்டாம் என்று சொல்லியும் ஏறினேன். "சபையோர்" என்று தொடங்க வேண்டும், "ச"விலேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரோ இருமினார்கள். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். இறங்கிவிடலாம் என்று கால் திரும்பிவிட்டது.

முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா உரக்கக் கேட்டார்: "என்ன ஐசே, உம்முடைய ஆளைப் பற்றிச் சொல்ல ஒண்டுமே இல்லையா?"

எனக்கு வந்ததே கோபம். அரைமணி நேரம் பேசினேன். அந்தக் கிழவியையும் தண்ணீரையும் சொன்னபோது கடிகாரம் பார்த்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு முடிவை ஆற்றுக்காரியால் கனவிலும் எழுத முடியாது என்று சொல்லி முடித்தேன். ஸ்டெல்லா பதில் சொல்ல எழுந்தார். "அந்தக் கடைசி அத்தியாயத்தைவிட நல்லதை நான் என்ர வாழ்க்கையில வாசிக்கேல்ல. அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீங்கள் கை தட்டினீர்கள். தேநீர் நேரத்தில் அவர் என் தடித்த புத்தகத்தை வாங்கி, என் பழைய வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினார்: "ஒத்துக்கொள்கிறேன். - ஸ்."

அந்த வெற்றியில் நான் பல வருடம் வாழ்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அதைச் சொல்லிக்காட்டவும் செய்தேன். அவர் வத்தளைக்குப் போனபின் சனிக்கிழமைதோறும் அழைப்பு எடுப்பார். இடுப்பு வலி, தம்பி வீட்டு நாய், பிறகு சண்டை. அந்த நாட்களில் அவர் நடு ஆற்றைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. வென்றவனுக்கு ஏது கவனம்?

அடக்கம் முடிந்த பின்பு ஷர்மிளா பார்சலைத் தந்தாள். மண்ணிறத் தாள், என் பெயர். உள்ளே ஆற்றுக்காரியின் அதே புத்தகம், கடையில் வாங்கிய புதுப் பிரதி. முதல் தாளில் ஷர்மிளாவின் அண்ணன் கனடாவிலிருந்து ஸ்டெல்லாவுக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்தும் திகதியும் இருந்தன. கடைசிப் பக்கங்களில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகியிருந்தது. திறந்தேன். "பல ஆண்டுகளுக்குப் பின்." ஒரு கிழவி வெயிலில் நடந்து வந்து, ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்கிறாள்.

வத்தளை வீட்டின் முன்னறையில், வந்தவர்களுக்கு நடுவில், நான் அதை முழுவதும் வாசித்தேன். ஒரு சொல் மாறவில்லை. கிழவி அரசி அல்ல, படகோட்டி. தண்ணீர் கொடுக்கிறவன் அன்றிரவு படகில் இருந்த குழந்தை. மருதானையில் வாங்கிய கோட்டைக்காரர் புத்தகத்துக்கு முடிவே இருந்திருக்கவில்லை. ஆற்றுக்காரியின் கழன்ற தாள்களை அந்த நல்ல மனிதர் கொண்டுபோய்த் தடித்த புத்தகத்தின் பின்னால் தைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்செழுத்தே வேறு. கண்ணிருந்தும் குருடனாக இத்தனை வருடம்.

பிறகுதான் பிறந்தநாள் திகதியை மறுபடி பார்த்தேன். நம் விவாதத்துக்கு ஒன்பது மாதம் முந்தியது. அன்று முன்வரிசையில் இருந்தபோது ஸ்டெல்லாவுக்கு எல்லாம் தெரியும். நான் ஆற்றுக்காரியின் எழுத்தை எடுத்து ஆற்றுக்காரியையே அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துதான், "அதைவிட நல்லதை வாசிக்கேல்ல" என்றார். ஒரு சொல்லும் பொய் இல்லை. என் புத்தகத்தில் "ஒத்துக்கொள்கிறேன்" என்று எழுதியதும் பொய் இல்லை.

பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தின் எதிரே, கடைசி வெற்றுத் தாளில், பென்சில்: "ஐசே, கோவிக்க வேண்டாம். நானும் தோத்துத்தான் போனன், படகு கரைக்கு வருகுது. உம்முடைய ஆளின்ர உண்மையான முடிவு எனக்குத் தெரியாது. வாசிச்சுப்போட்டு வந்து சொல்லும். - ஸ்."

ஏன் இதை எனக்குத் தராமலே வைத்திருந்தார்? இரக்கமா, குறும்பா? நாலு நாள் இதே யோசனை. கடைசியில் ஷர்மிளாவிடம் கேட்டேன். கேட்டு முடிக்க நேரம் எடுத்தது, அவள் வழக்கம்போலக் காத்திருந்தாள்.

"ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் உங்களுக்குக் குடுக்கப்போறன் எண்டு வெளியில எடுப்பா, அங்கிள். எடுத்து வச்சுத் தனியச் சிரிப்பா. பிறகு, 'வேண்டாம், குடுத்தா அந்த மனுசன் கதைக்கிறதை நிப்பாட்டிப்போடும்' எண்டு திருப்பி உள்ள வச்சிடுவா."

கோட்டைக்காரரின் ஏழாவது புத்தகத்தின் முழுப் பிரதியைத் தேடிப் பிடித்தேன். அவர் கட்சியில் இத்தனை வருடம் நின்றவன், அவருடைய முடிவை முதன்முறையாக வாசித்தேன். முடிசூட்டு விழா. யார் எந்த வரிசையில் இருந்தார்கள், யார் கொடி என்ன நிறம் என்று முப்பது பக்கம். "நீளம்" என்று ஸ்டெல்லாவின் குரல் கேட்டது, சிரித்துவிட்டேன். நடுவே ஓர் இடத்தில், விழா நடக்கும்போது வாசற்காவலன் ஒருவன் தன் தொலைந்த செருப்பைத் தேடுகிறான். நாலு வரி. அது நன்றாக இருந்தது. ஸ்டெல்லா இருந்திருந்தால் அந்த நாலு வரியை வைத்து இன்னும் பத்து வருடம் இழுத்திருப்பேன்.

ஆகவே, அன்று அந்த மண்டபத்தில் கை தட்டிய உங்களுக்கு: என் தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். இருவரில் நன்றாக எழுதுகிறவள் ஆற்றுக்காரிதான். இரண்டு பக்கத்தில் தண்ணீரின் குளிரை வைத்தே அவள் கையை ஸ்டெல்லா அடையாளம் கண்டார். நான் மட்டையைப் பார்த்துத்தான் வாசித்திருக்கிறேன்.

ஸ்டெல்லா விட்டுப்போன புதுப் பிரதியோடு, தவறாகத் தைத்த அந்தத் தடித்த புத்தகமும் என்னிடம் இருக்கிறது. பிரித்துச் சரியாகக் கட்டலாம் என்று ஷர்மிளா சொன்னாள். வேண்டாம் என்றேன். கடைசித் தாளில் எங்கள் இரண்டு வரியும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. நாங்கள் இருவரும் ஒரே கருத்தில் இருந்ததற்கு உலகத்தில் வேறு அத்தாட்சி இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு கல்லறைக்குப் போனேன். வாசித்துவிட்டு வந்து சொல்லச் சொல்லியிருந்தாரே. மற்றவர்கள் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வாகனத்துக்குப் போகும்வரை நின்றேன். "வாசிச்சுப்போட்டன், ஸ்டெல்லா. உங்கட ஆள்தான்." இவ்வளவுதான் நான் சொல்ல இருந்தது. ஒவ்வொரு சொல்லிலும் நாக்கு ஒட்டிக்கொண்டது, சொல்லி முடிப்பதற்குள் ஷர்மிளா இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டாள். சண்டை என்றால் உடனே வந்திருக்கும்.